மனு எழுதுகிறவனிடமிருந்து 234 பேருக்கு ஒரு மனு

பெறுநர்: தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையின் உறுப்பினர்கள் 234 பேர், புனித ஜார்ஜ் கோட்டை, சென்னை.

பொருள்: தங்கள் வேலை தொடர்பாக.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

நான் ஒரு மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலில், புங்க மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவன். 27 வருடமாக இதுதான் பிழைப்பு. திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் என்றால் காலை ஏழு மணிக்கே பலகையைப் போட்டுவிடுவேன். பட்டா மாறுதல், வழித் தகராறு, சாதிச் சான்று, உதவித்தொகை, சுடுகாட்டுக்குப் பாதை எல்லாம் வரும். ஒரு மனுவுக்கு 30 ரூபாய். இல்லாதவர்களிடம் வாங்குவதில்லை. இருந்தும் கொடுக்காமல் நழுவுகிறவர்களும் உண்டு, அதை விடுங்கள்.

இந்த 27 வருடத்தில் உங்களில் பலருடைய கையெழுத்து எனக்குப் பழக்கமாகிவிட்டது. மனுவோடு சேர்த்து வைக்க ஜனங்கள் உங்கள் லெட்டர் பேடில் ஒரு கடிதம் வாங்கி வருவார்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான். மனுதாரர் என் தொகுதியைச் சேர்ந்தவர், இவருடைய கோரிக்கையைப் பரிசீலித்து ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். கீழே கையெழுத்து, சிலர் பச்சை மையில். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். நானும் இதைத்தானே எழுதுகிறேன்? என் மனுவில் 'தாழ்மையுடன்' என்று ஒரு சொல் கூடுதலாக இருக்கும், உங்கள் காகிதம் கொஞ்சம் தடிமனாக இருக்கும். மற்றபடி நாம் இருவரும் ஒரே தொழில்காரர்கள்.

அப்படி இருக்கக் கூடாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஒரு ஆயாவின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். எழுபது தாண்டியவர், தனியாக இருக்கிறார். முதியோர் உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயை 1,200 ஆக்கினார்களே, அந்தப் பணம் ஏறி ஏழெட்டு மாதம்கூட ஆகியிருக்காது, திடீரென்று நின்றுவிட்டது. விசாரித்தால், வயது வந்த மகன் இருப்பதாகப் பதிவாகியிருக்கிறதாம். மகன் இருக்கிறான்தான். பன்னிரண்டு வருடமாக எங்கே இருக்கிறான் என்பதுதான் ஆயாவுக்குத் தெரியாது.

முதல் மனு நான் எழுதினேன். ஆட்சியரிடம் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கினார். மனு அங்கிருந்து கீழே இறங்கி, உதவித்தொகையை நிறுத்திய அதே தனி வட்டாட்சியர் மேசைக்குப் போனது. "தகுதியில்லை" என்று பதில் வந்தது. இரண்டாவது முறை யாரோ சொல்லி உங்களில் ஒருவரிடம் கடிதம் வாங்கி வந்தார். அதையும் வைத்து மனு கொடுத்தோம். அது ஆட்சியருக்குப் போய், அவர் அதன் மேல் ஒரு குறிப்பு எழுதி, மறுபடி அதே மேசை. மூன்றாவதாக, பேரன் முறையில் ஒரு பையன் வக்கீலைப் பிடித்து உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டான். மனுவைப் பரிசீலித்து 12 வாரத்துக்குள் முடிவெடுக்கும்படி உத்தரவு வந்தது. யார் முடிவெடுக்க வேண்டும்? அதே தனி வட்டாட்சியர்.

உத்தரவு நகலை மடித்து முந்தானையில் செருகியபடி ஆயா என்னைக் கேட்டார்: "ஏந்தம்பி, கலெக்டரு வேற, எம்மெல்லே வேற, கோர்ட்டு வேறன்னு சொல்றாங்க. எல்லாம் ஒரே ஆபீசுலதான் போய் நிக்குதே?"

அதிகாரப் பிரிவினை பற்றி இதைவிட நல்ல கேள்வியை நான் கேட்டதில்லை.

பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்ததுதான். சட்டம் செய்வது ஒருவர், அதை நடத்துவது ஒருவர், தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்வது ஒருவர். மூன்றும் ஒரே கையில் இருக்கக் கூடாது. வெள்ளைக்காரன் காலத்தில் வரி வசூலிக்கிற கலெக்டரே மாஜிஸ்திரேட்டாகவும் உட்கார்ந்தார். வரி கட்டாதவன் யாரிடம் போய் நியாயம் கேட்பான்? அதனால்தான் நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 50ஆம் பிரிவு தனியாகவே சொல்கிறது. அந்தப் பக்கம் பெரிய அளவில் பிரித்தும் விட்டார்கள். நான் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் கோர்ட் வளாகம் தெரியும். ஆட்சியர் சொன்னார் என்பதற்காக அங்கே யாரும் தீர்ப்பை மாற்ற முடியாது.

ஆனால் உங்கள் பக்கம் அப்படிப் பிரிக்கவில்லை. தெரிந்தேதான் பிரிக்காமல் விட்டார்கள். 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கே.டி.ஷா என்ற பொருளாதார அறிஞர், அரசின் மூன்று உறுப்புகளுக்கும் இடையே முழுமையான பிரிவினை வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். சபை ஏற்கவில்லை. அமெரிக்காவில் அமைச்சராக இருப்பவர் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸில் உறுப்பினராக இருக்க முடியாது. இங்கே உங்களுக்குள்ளிருந்துதான் அமைச்சர்கள் வருகிறார்கள். ஏன் இந்த ஏற்பாடு என்பதை அதற்கு முந்தைய மாதம், நவம்பர் 4 அன்று, அம்பேத்கர் விளக்கியிருந்தார். அமெரிக்க முறையில் அரசு அவ்வளவு எளிதாகக் கவிழாது, நிலையாக இருக்கும். ஆனால் அது எத்தனை பொறுப்போடு நடக்கிறது என்பதை மக்கள் தேர்தலுக்குத் தேர்தல்தான் எடைபோட முடியும். நம் முறையில் தேர்தலில் மக்கள் போடும் எடை ஒன்று. அதற்கு நடுவே உறுப்பினர்கள் கேள்வி, தீர்மானம், ஒத்திவைப்பு, நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்று தினமும் போடும் எடை இன்னொன்று. இந்த இரண்டாவதுதான் அதிகப் பலன் தரும், இந்தியாவுக்கு அதுதான் தேவை என்பது அவர் வாதம்.

அந்தத் 'தினமும்' என்ற சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். அமைச்சரவைக்கும் அவைக்கும் நடுவே சுவர் வேண்டாம் என்று விட்டதே, அவை தினமும் கேள்வி கேட்கும் என்ற நம்பிக்கையில்தான். கேள்வி கேட்க ஆளில்லை என்றால் சுவரும் இல்லை, காவலும் இல்லை.

தினமும் கேட்க வேண்டுமானால் முதலில் அவை கூட வேண்டும். இரண்டு கூட்டத்தொடர்களுக்கு நடுவே ஆறு மாத இடைவெளி வரக் கூடாது என்பது மட்டுந்தான் சட்டத்தின் கட்டாயம். பெரிய மாநிலங்களின் அவைகள் ஆண்டுக்குக் குறைந்தது 90 நாள் கூட வேண்டும் என்று 2002-ல், அரசமைப்புச் சட்டம் நடக்கிற விதத்தை ஆராய்ந்த வெங்கடாசலையா ஆணையம் சொன்னது. நம் அவை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆண்டுக்கு 4 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் செலவாகும் பட்ஜெட், துறைவாரியான மானியக் கோரிக்கைகளாக உங்கள் முன் வருகிறது. உங்கள் ஒப்புதல் இல்லாமல் கருவூலத்திலிருந்து ஒரு ரூபாய் எடுக்க முடியாது, அரசமைப்புச் சட்டம் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆனால் ஒரே நாளில் இரண்டு துறை, சில நாட்களில் மூன்று துறை என்று முடித்துவிடுகிறீர்கள். பேச எழுந்தவர் தலைவர்களுக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடுகிறது. கேட்ட தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானங்கள் கொடுக்கப்படுகின்றன, விழுகின்றன. எதற்கு விழுந்தன என்று வெளியே யாருக்கும் தெரிவதில்லை.

இன்னொரு பக்கம் தொகுதி மேம்பாட்டு நிதி, ஆண்டுக்கு 3 கோடி. அந்த மூன்று கோடியில் கட்டிய நிழற்குடையில் உங்கள் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. 4 லட்சம் கோடியில் நீங்கள் கேட்ட கேள்வி எந்தச் சுவரிலும் இல்லை. நாடாளுமன்ற உறுப்பினர் நிதியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், சட்டம் செய்கிறவர் கையில் நிர்வாக வேலையைக் கொடுப்பது அதிகாரப் பிரிவினைக்கு முரண் என்று வாதாடினார்கள். 2010-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ஏற்கவில்லை, நிதி செல்லும் என்றது. சரி, சட்டப்படி செல்லும். ஆனாலும் கணக்கைச் சரிபார்க்க வேண்டியவர் கையில் ஒரு சின்னக் கணக்கைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்களோ என்று எனக்குத் தோன்றாமல் இல்லை.

தப்பு உங்களிடம் மட்டும் என்று சொல்ல மாட்டேன். கல்யாணத்துக்கு வரவில்லை, காதுகுத்துக்கு வரவில்லை, சாவுக்கு மாலை அனுப்பவில்லை என்று எங்கள் ஆட்கள் உங்களைத் திட்டுவதை இந்த மரத்தடியில் தினமும் கேட்கிறேன். "நம்ம எம்.எல்.ஏ. சபையில ஒரு கேள்விகூடக் கேக்கலையே" என்று ஒருவர் வருத்தப்பட்டு நான் கேட்டதில்லை. நாங்கள் உங்களைத் தாலுகா ஆபீசுக்கு அனுப்பி வைக்கிற ஆளாகத்தான் பார்க்கிறோம். நீங்களும் பழகிவிட்டீர்கள்.

2023 ஏப்ரலில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தொழிற்சாலைச் சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதா வந்தது. 12 மணி நேர வேலை மசோதா என்றுதான் ஊருக்குத் தெரியும். அதன் உள்ளடக்கம் என்னவென்றால், வேலை நேரம், வார விடுமுறை, மிகுதி நேரம் பற்றிய பிரிவுகளிலிருந்து எந்தத் தொழிற்சாலைக்கு வேண்டுமானாலும் அரசு ஓர் அறிவிக்கை மூலம் விலக்கு அளிக்கலாம். அதாவது, சட்டத்தில் எழுதியிருப்பதை ஒதுக்கி வைக்கும் அதிகாரத்தை அவையே தன் கையால் எடுத்து நிர்வாகத்திடம் கொடுப்பது. ஏப்ரல் 12 அன்று அறிமுகம். ஏப்ரல் 21, கூட்டத்தொடரின் கடைசி நாள். ஆளும் கூட்டணியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. குரல் வாக்கெடுப்பு. ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க, ஏற்போர் அதிகம், நிறைவேறியது. முடிந்தது கதை.

அடுத்து வந்த திங்கட்கிழமை, 24ஆம் தேதி, அமைச்சர்கள் தொழிற்சங்கங்களோடு தலைமைச் செயலகத்தில் பேசினார்கள். அன்றைக்கே மசோதா நிறுத்தி வைக்கப்படுவதாக முதல்வர் அறிவித்தார். மே 1 அன்று திரும்பப் பெறப்பட்டது என்றார். நல்லதுதான் நடந்தது. தொழிலாளர்களுக்கு மகிழ்ச்சி, எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் என்ன நடந்திருக்கிறது பாருங்கள். அவை நிறைவேற்றிய ஒன்றை மூன்றே நாளில் நிர்வாகம் நிறுத்தியது. தொழிற்சங்கத்தார் அந்தத் திங்கட்கிழமை சொன்னதை, முந்தைய வாரமே, மசோதாவை ஆராய உங்களில் சிலரைக் கொண்டு அமைக்கும் தெரிவுக் குழு ஒன்று அவர்களை உட்கார வைத்துக் கேட்டிருக்கலாம். பேரவையும் தலைமைச் செயலகமும் ஒரே கோட்டைக்குள்தான் இருக்கின்றன. சங்கத்தார் எந்தக் கதவைத் தட்டினார்கள் என்று பாருங்கள். நிறைவேற்றும்போதும் உங்களை யாரும் கேட்கவில்லை, நிறுத்தும்போதும் கேட்கவில்லை. உங்களில் எத்தனை பேருக்கு அது உறுத்தியது?

அதே ஆண்டு நவம்பரில் வேறு முகம் பார்த்தேன். ஆளுநர் திருப்பி அனுப்பிய 10 மசோதாக்களை 18ஆம் தேதி சிறப்புக் கூட்டம் கூட்டி அவை மறுபடி நிறைவேற்றியது. அவையின் மாண்பு, மக்கள் தந்த அதிகாரம் என்று பேச்சில் அனல் பறந்தது. சரியான பேச்சுதான். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2025 ஏப்ரல் 8 அன்று அந்த 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று தீர்ப்பு வந்தது. அப்புறம் குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு நவம்பர் 20-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு கருத்துச் சொன்னது: ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது, ஆனால் காரணமில்லாமல் ஆளுநர் கிடப்பில் போட்டுவைக்கவும் கூடாது. இது இன்னும் நெடுநாள் பேசப்படும். எனக்குள்ள சந்தேகம் ஒன்றுதான். வெளியிலிருந்து ஒருவர் அவையின் அதிகாரத்தைத் தடுத்தால் இவ்வளவு பொங்குகிறீர்கள். அதே அதிகாரம் உள்ளேயே, குரல் வாக்கெடுப்பிலும் மேசை தட்டலிலும் கரைந்து போகும்போது ஏன் ஒருவரும் எழுந்து நிற்பதில்லை?

இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சியின் சார்பில் உத்தரவிடும் கொறடா இருக்கிறாரே என்பீர்கள். அது நியாயமான பதில், மறுக்கவில்லை. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் உங்கள் கையைக் கட்டியிருக்கிறது. அதுவும் அந்தக் கயிறு யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து இறுகும், தளரும். 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் தங்கள் கட்சியின் அரசையே எதிர்த்து வாக்களித்த ஆளுங்கட்சி உறுப்பினர்கள் 11 பேர் பதவியில் நீடித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், வாக்கெடுப்பு எதிலும் எதிர்த்து வாக்களிக்காமல், முதல்வருக்கு ஆதரவில்லை என்று ஆளுநரிடம் கடிதம் மட்டும் கொடுத்த அதே கட்சியின் 18 பேரைப் பேரவைத் தலைவர் தகுதி நீக்கம் செய்தார். 2019 இடைத்தேர்தல் வரை, ஒன்றரை ஆண்டுக்கு மேல், 18 தொகுதிகளுக்கு உறுப்பினரே இல்லை. அந்த வழக்கில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் மாறுபட்ட தீர்ப்புத் தந்து, மூன்றாவது நீதிபதி வந்துதான் தகுதி நீக்கம் செல்லும் என்று முடிந்தது. பயப்படக் காரணம் இருக்கிறது என்று எனக்கும் புரிகிறது.

ஆனால் ஐயா, அந்தச் சட்டம் தண்டிப்பது இரண்டைத்தான்: கட்சியைத் தானாக விட்டுப் போவதையும், கட்சி உத்தரவுக்கு மாறாக வாக்களிப்பதை அல்லது வாக்களிக்காமல் இருப்பதையும். கேள்வி கேட்டால் பதவி போகும் என்று அதில் எங்கேயும் இல்லை. பொதுக் கணக்குக் குழுவில் அதிகாரியை நிற்க வைத்து, தணிக்கை அறிக்கையின் பத்தி எண்ணைச் சொல்லி, இந்தப் பணம் எங்கே போனது என்று கேட்கக் கொறடாவின் அனுமதி தேவையில்லை. அமைச்சர் அவையில் செய்வேன் என்று சொன்னதைச் செய்தாரா என்று பார்க்க உறுதிமொழிக் குழு இருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் எழுதும் மனுக்களுக்கென்றே மனுக்கள் குழு ஒன்று உங்களிடம் இருக்கிறது. 27 வருடமாக மனு எழுதுகிற எனக்கே அது நான்கு வருடத்துக்கு முன்புதான் தெரியும் என்றால், மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2003-ல் வந்த 91ஆவது திருத்தத்தின்படி அமைச்சர்களின் எண்ணிக்கை அவையில் நூற்றுக்குப் பதினைந்தைத் தாண்டக் கூடாது. 234-க்கு 35 பேர், முதல்வரையும் சேர்த்து. மீதி 199 பேர் நிர்வாகம் அல்ல. ஆளுங்கட்சிக்காரர்களாகவே இருந்தாலும் நிர்வாகம் அல்ல. இது உங்களுக்கு மறந்துவிடுகிறது. ஆளுங்கட்சி உறுப்பினர் தன்னை அரசாங்கம் என்று நினைத்துக்கொள்கிறார், எதிர்க்கட்சி உறுப்பினர் தன்னை அடுத்த அரசாங்கம் என்று நினைத்துக்கொள்கிறார். நடுவில் சட்டமன்றம் என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு ஆளில்லை.

அதிகாரம் கைக்கு வந்தபோது அதை எங்கே பாய்ச்சினீர்கள் என்பதற்கும் ஊர் அறிந்த ஒரு கதை உண்டு. 1987-ல் அரசியல்வாதிகளைக் கிண்டல் செய்து அட்டைப்படத்தில் ஒரு ஜோக் போட்டதற்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு அவை மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. வானளாவிய அதிகாரம் என்ற சொல் அந்தக் காலத்துப் பேரவைத் தலைவர் வழியாகத்தான் எங்கள் வாயில் புகுந்தது. சட்டம் செய்கிற அவையே குற்றம் சாட்டி, அதுவே விசாரணை இல்லாமல் தீர்ப்பும் சொன்னது. எதிர்ப்பு கிளம்பி அவர் சில நாட்களில் வெளியே வந்தார். பின்னாளில் உயர் நீதிமன்றம் அந்தக் கைது தவறு என்று சொல்லி 1,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. வானத்தைத் தொடும் அந்த அதிகாரத்தில் ஒரு முழம் வெட்டி, அவைக்குத் தப்பான பதில் எழுதிக் கொடுக்கிற அலுவலகங்கள் பக்கம் திருப்பியிருக்கக் கூடாதா?

ஆயாவிடம் திரும்பி வருகிறேன். அவருக்கு எழுதிக் கொடுத்த கடிதத்தில் நீங்கள் தப்பு ஒன்றும் செய்யவில்லை. ஆனால் ஒரு கடிதம் ஒரு ஆயாவுக்குத்தான். அவரைப் போல் நின்றுபோன பத்துப் பேராவது ஒவ்வொரு திங்கட்கிழமையும் என் பலகைக்கு வருகிறார்கள். மகன் இருக்கிறான் என்றால் போதுமா, அவன் சோறு போடுகிறானா என்று பார்க்க வேண்டாமா என்பதை ஒரு தனி வட்டாட்சியர் தீர்மானிக்க முடியாது. ஆட்சியராலும் முடியாது, அவர் கையில் இருப்பது அரசாணை. நீதிமன்றம் 'பரிசீலி' என்று சொல்லலாம், விதியைத் திருத்தி எழுதாது. அந்த விதியை எழுதிய துறை யாருக்குப் பதில் சொல்ல வேண்டுமோ, அவர் நீங்கள்தான்.

அதனால் ஆட்சியருக்கு எழுதும் கடிதத்தோடு சேர்த்து, பேரவைச் செயலகத்துக்கும் ஒரு காகிதம் எழுதுங்கள். எழுத நேரமில்லை என்றால் பரவாயில்லை, என் தொழிலே அதுதானே. எழுதியே கொடுத்துவிடுகிறேன். உங்களில் யார் வேண்டுமானாலும் கீழே கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம், பச்சை மையிலும் போடலாம்.

நட்சத்திரக் குறியிட்ட வினா (அமைச்சர் அவையில் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டியது)

மாண்புமிகு வருவாய்த் துறை அமைச்சர் அவர்கள் அன்புகூர்ந்து பதிலளிப்பார்களா:

(அ) கடந்த மூன்று ஆண்டுகளில், வயது வந்த மகன் அல்லது மகள் இருப்பதைக் காரணம் காட்டி முதியோர் உதவித்தொகை நிறுத்தப்பட்டவர்கள் எத்தனை பேர், மாவட்டவாரியாக;

(ஆ) நிறுத்தும் முன் அந்த மகனோ மகளோ அவரைப் பராமரிக்கிறாரா என்று நேரில் விசாரிக்கப்பட்டதா, விசாரித்தவர் யார்;

(இ) நிறுத்தியதை எதிர்த்து வரும் மனுவை, நிறுத்திய அதே அலுவலரிடம் திருப்பி அனுப்பாமல் வேறொருவர் விசாரிக்க வழி உள்ளதா. இல்லையெனில் ஏற்படுத்த அரசு ஆவன செய்யுமா?

துணைக் கேள்வியும் ஒன்று தயாராக இருக்கிறது, பதில் வந்ததும் தருகிறேன். இதற்கு 30 ரூபாய் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் தொகுதிகளில் ஒன்றின் வாக்காளன்,
மனு எழுதுபவன்.

நகல்: ஆயாவுக்கு, படித்துக் காட்டப்பட்டது.